பெற்றோருக்கு: காலாண்டுச் செய்திகளும் வானொலி மன்றத்து ஏரியல் பற்றிய எச்சரிக்கையும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடைத்தாள்கள் பிள்ளைகள் கையில் வந்து சேர்ந்திருக்கும். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு கணக்கில் முன்னேற்றம் தெரிகிறது, ஆங்கிலத்தில் இன்னும் உழைக்க வேண்டும். விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கிறார்கள். மகிழ்ச்சி.

8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளின் வானொலி மன்றமும் இந்தப் பருவத்தில் நன்றாகவே நடந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்: 1991இல் ஆகாசவாணி மனிதப் பரிணாமம் பற்றி 144 பகுதிகள் கொண்ட அறிவியல் தொடரைத் தொடங்கி 18 மொழிகளில் ஒலிபரப்பியது. அந்த வழியில் நம் பிள்ளைகளும் ஐந்து நிமிட ஒலி நிகழ்ச்சிகள் தயாரிக்கிறார்கள். அதற்கு 450 சொல் அளவில் எழுதினால் போதும். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வரும் இடத்தில் காற்று மோதாது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்திலுள்ள புவிக்காந்தவியல் ஆய்வுக்கூடம் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடாரைக் கொண்டு 80 கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்றை அளப்பதைப் பற்றி ஒரு குழு செய்த நிகழ்ச்சி அருமை. (எழுத்துப்படியைப் பெரியவர்கள் ‘திருத்திக்’ கொடுப்பது கேட்டவுடனே தெரிகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ‘இன்றியமையாத’ என்று பேசாது.)

மன்றத்தின் இன்னொரு வேலை, பேட்டரி இல்லாமல் நிலையத்தின் அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பாடும் கிரிஸ்டல் ரேடியோப் பெட்டி. இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்தது அதனால்தான்.

பெட்டியில் சத்தம் குறைவு என்று சில வீடுகளில் அலையைப் பிடிக்கும் ஏரியல் வயரைத் தட்டட்டிக்கு (மொட்டைமாடிக்கு) கொண்டுபோய், அங்கிருந்து தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வேப்பமரம் வரை இழுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் அது மின்வாரியக் கம்பிக்கு மேலாகவே போயிருக்கிறது. வயரில் கல்லைக் கட்டி எறிந்தது பிள்ளை அல்ல, வீட்டுப் பெரியவர் என்பதும் எங்கள் காதுக்கு வந்தது. ஆர்வத்தில் செய்ததுதான், புரிகிறது. ஆனால் சத்தம் குறைவதற்கு ஏரியலின் நீளம் பெரும்பாலும் காரணமே அல்ல. எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைகள் 40 மி.மீ. பி.வி.சி. குழாயில் 26 கேஜ் எனாமல் வயரை 90 சுற்று சுற்றியிருக்கிறார்கள். 12 மீட்டர் வயர் பிடிக்கும். மோட்டார் வைண்டிங் கடையில் 20 கிராம் வாங்கினால் போதும். இந்தச் சுருளின் மதிப்பு (தூண்டம்) ஏறத்தாழ 200 மைக்ரோஹென்றி. திருநெல்வேலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸுக்கு இதோடு மொத்தம் 88 பிகோஃபாரட் மின்தேக்குதிறன் சேர வேண்டும். பத்து மீட்டர் ஏரியலுக்கே 60 முதல் 100 பிகோஃபாரட் வரை உண்டு. அதைச் சுருளின் மேல்முனையில் நேரடியாக முறுக்கினால், நிலையம் மாற்றத் திருப்பும் கேங் கண்டன்ஸரை முழுக்கத் திறந்தாலும் 1197க்கு வந்து சேர்வது கடினம். ஏரியல் நீள நீள நிலையம் இன்னும் விலகித்தான் போகும். எர்த் முனையிலிருந்து 20ஆவது சுற்றில் வயரை வெளியே மடித்து ஒரு கண்ணி எடுத்து அதில் ஏரியலைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது எனாமல். வயரின் முனை செம்பு நிறமாகத்தான் தெரியும், ஆனால் மேலே பூச்சு இருக்கும். உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்காமல் முறுக்கினால் இணைப்பே இல்லை. திரும்பி வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் இதே குறைதான். கடையில் ஓ.ஏ. 79 என்ற ஜெர்மேனியம் டயோடு இல்லையென்று 1என் 4007 கொடுத்தால் வாங்காதீர்கள். அது சிலிக்கான் டயோடு. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் வழிவிடும், இந்தப் பெட்டியில் அவ்வளவு வராது. செல்போன் இயர்போனும் ஆகாது, அதன் 32 ஓம் சுருள் இருக்கும் சிறு சிக்னலையும் விழுங்கிவிடும். கிரிஸ்டல் இயர்போன்தான் வேண்டும், அதன் குறுக்கே ஒரு 47 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர்.

இவ்வளவும் சரியாக இருந்தால், பாளையங்கோட்டை சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்குள் சுவரோரமாக எட்டு மீட்டர் வயர் ஓடினாலே போதும்.

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். எர்த் வேண்டும் என்று மூன்று துளை பிளக் பாயின்டின் மேல்துளையில் வயரைச் செருகுகிறார்கள். பல பாயின்டுகளில் அந்தத் துளையில் எதையாவது நுழைத்தால் கீழ்த்துளைகளின் மூடி திறந்துகொள்ளும். கை தவறினால் 230 வோல்ட். தவறாவிட்டாலும், எர்த் குழி காய்ந்துபோன வீட்டில் கிரைண்டரோ ஃபிரிட்ஜோ கசிய விடும் மின்சாரம் அதே வயர் வழியாகப் பிள்ளையின் காதுக்கு வரும். ஈரமான மண்ணில் இரண்டடி இரும்புக் கம்பியை அடித்தால் எர்த் ஆயிற்று. வாழைமூட்டுப் பக்கம் அடித்தால் இன்னும் நல்லது.

ஐப்பசி பிறக்கப் போகிறது, இனி சாயங்கால மழை இடியோடுதான் வரும். ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறோம்: வீட்டுக்கு வெளியே ஏரியல் கூடாது, பிளக் பாயின்டில் எர்த் கூடாது. மீறினால் பெட்டியைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்வோம், அந்தப் பிள்ளை மன்றத்தில் தொடர முடியாது. ஏற்கெனவே கட்டிய ஏரியல்களை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவிழ்த்துவிடுங்கள். மின்கம்பியைத் தொட்டபடியோ அருகிலோ கிடந்தால் நீங்கள் இழுக்க வேண்டாம், கம்பு வைத்துத் தட்டவும் வேண்டாம். யாரையும் கிட்டே விடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஆய்வகத்துக்குப் பின்னால், மின்கம்பி இல்லாத பக்கத்தில், பள்ளியே ஓர் ஏரியல் கட்டித் தருகிறது. வெள்ளிதோறும் 4.15 முதல் 5 மணி வரை பிள்ளைகள் அங்கே தங்கள் பெட்டியை மாட்டிக் கேட்கலாம். இடி கேட்டால் அன்று கிடையாது. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் சாதாரண டிரான்சிஸ்டரில் கேட்டுக் குறிப்பெழுதினால் போதும். மீடியம் வேவுக்கு அதன் உள்ளேயே ஃபெரைட் தண்டு ஏரியலாக இருக்கிறது, பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தாலே சத்தம் கூடும், குறையும். இரைச்சல் வந்தால் பக்கத்தில் உள்ள எல்.இ.டி. பல்பையும் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள்.

கண்டிப்பாக எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பரண்மேல் கிடந்த பழைய டிரான்சிஸ்டர்களைத் துடைத்துக் கொடுத்த தாத்தாமார்களுக்கும், பதிவு நடக்கும்போது குக்கரை இறக்கிவைத்துக் காத்திருந்த அம்மாமார்களுக்கும், குழாய் வெட்டித் தந்த பிளம்பர் அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி. கீழேயுள்ள சீட்டில் ‘ஏரியல் அவிழ்த்தாயிற்று’ அல்லது ‘கட்டவில்லை’ என்று குறித்துக் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்