கடைசி இரண்டு மில்லிகிராம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பரிவோடு எழுதப்பட்ட கட்டுரை. அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால், சிகிச்சைக்காக எடுத்துவந்த மருந்தையும் அவர் கடைசியில் விட்டுவிட்டார், ஆகவே முழுமையாக மீண்டுவிட்டார் என்ற பொருளில் அது முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன். ஏனெனில் அதே வரியை எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையால் என் தம்பியை இழக்க இருந்தோம்.

முதுகில் நடந்த ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்பட்ட, அபினியைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வலிநிவாரணிகளில்தான் அவனுக்குப் பழக்கம் தொடங்கியது. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. நடுவில் கழிந்த ஆண்டுகளைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை; அந்தக் கதையை நாளிதழ்கள் போதுமான அளவு எழுதிவிட்டன. பிறகு ப்யூப்ரினார்பினும் நாலாக்சோனும் சேர்ந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் சிகிச்சைக்கு வந்தான். நான்கு ஆண்டுகள் வேலைக்குப் போனான், இரவில் தூங்கினான், கடனை அடைத்தான், பிள்ளைகளின் பள்ளிக்குக் கையெழுத்துப் போடப் போனான். அந்த நான்கு ஆண்டுகளை நாங்கள் மீட்பு என்று அழைக்கவில்லை என்பதை நினைக்கும்போது இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. மீட்பு இனிமேல்தான் வரப்போகிறது என்று காத்திருந்தோம்.

இந்த மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மூளையில் ஓபியாய்டுகள் போய் ஒட்டும் ஏற்பிகளில் ப்யூப்ரினார்பின் மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவற்றை முழுவதும் தூண்டுவதில்லை. அதனால் ஏக்கமும் உடல் வேதனையும் அடங்குகின்றன. சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கமோ களிப்போ வருவதில்லை. வேறு ஓபியாய்டு எடுத்தாலும் அது எளிதில் வேலை செய்ய இடம் கிடைப்பதில்லை. இதே சிகிச்சைக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான மெத்தடோன் இதிலிருந்து வேறுபட்டது, ஏற்பிகளை முழுவதும் தூண்டுவது. ஆயினும் மெதுவாக, நீண்ட நேரம், ஏற்ற இறக்கமின்றி வேலை செய்வதால் அதே பயனைத் தருகிறது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று பேசுபவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. மருந்தை நிறுத்தினால் உடல் தவிப்பது சார்பு. உயிரும் உறவும் போனாலும் பரவாயில்லை என்று ஒன்றைத் தேடி ஓடுவது அடிமைத்தனம். முதலாவது தம்பியிடம் இருந்தது. இரண்டாவது அந்த நான்கு ஆண்டுகளில் இல்லவே இல்லை.

இதை விளக்க, சர்க்கரை நோயாளியின் இன்சுலினோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்பீடு எனக்கு முழுதும் நிறைவு தருவதில்லை. ஏனெனில் இன்சுலின் போட்டுக்கொள்பவரிடம் விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் 'இன்னும் எத்தனை நாள்?' என்று கேட்பதில்லை. தம்பியிடம் கேட்டார்கள். அம்மா கேட்டார், சித்தப்பா கேட்டார், நான் கேட்டேன். அன்பினால்தான் கேட்டோம். நான்காம் ஆண்டின் முடிவில் அவனே மருத்துவரிடம் போய்க் குறைத்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னான். அது அவனுடைய விருப்பம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

மருத்துவர் தடுக்கவில்லை, ஆனால் அவசரப்படவேண்டாம் என்று சொல்லிச் சில விவரங்களை எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் வலிநிவாரணி மாத்திரைகளுக்குப் பழகிப்போன 653 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ப்யூப்ரினார்பினைப் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருந்த கட்டத்தின் முடிவில் ஏறக்குறையப் பாதிப் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். மருந்தைக் குறைத்து நிறுத்தி எட்டு வாரம் ஆனபோது அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. 2017இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களிடையே ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 11 என்று இருந்த மரணம், சிகிச்சையை விட்டவர்களிடையே 36 ஆக இருந்தது; ப்யூப்ரினார்பின் எடுத்தவர்களிடமும் விட்டபின் அது இரு மடங்கைத் தாண்டியது. முதல் ஆய்வில் குறைத்த வேகம் மிக அதிகம், இரண்டாவதில் சொல்லாமல் கொள்ளாமல் சிகிச்சையை விட்டவர்களும் உண்டு. ஆகவே திட்டமிட்டு நிதானமாகக் குறைக்கும் ஒருவருக்கு இந்த எண்களை அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். நாங்கள் அந்தப் பிற்பகுதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வந்ததும் நான் செய்த முதல் வேலை, நாட்காட்டியை எடுத்து மருந்து முற்றிலும் நிற்க வேண்டிய தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டதுதான். 12 மில்லிகிராம் எட்டானது, எட்டு நான்கானது. ஒவ்வொரு முறையும் வீட்டில் பாராட்டு. நான்கு இரண்டானபோது அம்மா கோயிலுக்குப் போய் வந்தார்.

இங்கேதான் எங்களைப் போன்ற குடும்பங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இறங்கியவனுக்குக் கடைசி இரண்டு ஒரு பொருட்டா என்று கணக்குச் சொல்லும். உடலின் கணக்கு வேறு. 16 மில்லிகிராம் எடுப்பவரிடம் ஏற்பிகளில் ஐந்தில் நான்கு பங்கு மூடியிருக்கும் என்றால், வெறும் இரண்டு மில்லிகிராமே ஐந்தில் இரண்டு பங்கை மூடிவிடுகிறது. ஆகவே மேலே பெரிய பெரிய அளவாகக் குறைத்தபோது உடல் அதை அதிகம் உணர்வதில்லை. கீழே வந்து ஒரு துண்டைக் குறைத்தாலும் பள்ளத்தில் கால் வைத்ததுபோல் ஆகிறது. அந்தக் கடைசி இரண்டைக் குறைக்க, முந்தைய பத்தைக் குறைக்க ஆன காலத்தைவிடக் கூடுதலாகவே ஆகலாம். நாங்கள் அதற்கு ஒதுக்கியது மூன்று வாரம்.

இன்னொன்று, இம்மருந்து உடலில் நெடுநேரம் தங்குவது. எடுத்த அளவில் பாதி வெளியேறவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் குறைத்த மறுநாள் ஒன்றும் தெரியாது. 'பார்த்தாயா, எவ்வளவு எளிது' என்று வீடு மகிழும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் வயிற்றுப்போக்கும் புல்லரிப்பும் தொடங்கும். இரவில் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் தம்பி கூடத்தில் நடந்துகொண்டே இருப்பான். உடல் வேதனைகள் அடங்கிய பிறகும் தூக்கமின்மையும் காரணம் தெரியாத சோர்வும் பல வாரங்கள் நின்றன. அவன் எரிந்து விழுந்தபோது 'பழைய குணம் திரும்பிவிட்டது' என்று அம்மா அழுதார். அது குணமே இல்லை, பதினான்கு நாள் சரியாகத் தூங்காத ஓர் உடலின் குரல் என்று சொல்ல எங்களுக்குள் ஒருவருக்கும் அறிவு இருக்கவில்லை. நான்கு மில்லிகிராமுக்குத் திரும்பிப் போகட்டுமா என்று அவன் ஒரு நாள் என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்லாமல் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு அவன் கேட்கவில்லை. வட்டமிட்ட தேதியில் மருந்து நின்றது.

நிறுத்திய பதினேழாம் நாள் இரவில் குளியலறையின் கதவு திறக்கவில்லை. எங்கோ பெற்றுவந்த மாத்திரைகளை, முன்பு தன் உடல் தாங்கிய அளவிலேயே அவன் எடுத்திருந்தான். அவனிடம் அப்போது அந்தப் பழைய தாங்குதிறன் இல்லை. மருந்து நின்ற முதல் நான்கு வாரங்கள் மிகவும் ஆபத்தானவை என்பதற்கு இதுதான் காரணம்: நேற்றுவரை தாங்கிய அளவு இன்று மூச்சை நிறுத்திவிடும். உதடு நீலமாகி, மூச்சு குறட்டைபோல் இழுத்து இழுத்து நின்றுகொண்டிருந்தது.

அவன் பிழைத்ததற்குக் காரணம், ஓபியாய்டின் வேலையை முறிக்கும், மூக்கில் அடிக்கும் நாலாக்சோன் மருந்தை வீட்டில் வைத்திருக்கும்படி மருத்துவர் வற்புறுத்தியதுதான். அதை வாங்குவதே தம்பியை நம்பவில்லை என்று சொல்வதாகும் என எண்ணி, அலமாரியின் கடைசித் தட்டில் துணிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். தேடி எடுக்கவே நேரம் ஆயிற்று. ஒருமுறை அடித்து, ஆம்புலன்சை அழைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மூன்று நிமிடம் கழித்தும் மூச்சு சீராகாததால் மற்றொரு மூக்குத்துளையில் இரண்டாம் முறையும் அடித்தேன். நாலாக்சோனின் ஆற்றல் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும்; உள்ளே போன ஓபியாய்டு அதற்குப் பிறகும் இருக்கக்கூடும் என்பதால், கண் விழித்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். அந்த மருந்து இன்று எங்கள் கூடத்தில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, வீட்டுக்கு வருகிற எவருக்கும் தெரியும் இடத்தில் இருக்கிறது.

மருந்தைக் குறைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. மெத்தடோனுக்காக நாள்தோறும் ஒரு சன்னலின் முன் வரிசையில் நின்று அலுத்துப்போனவர் உண்டு; ஓயாத மலச்சிக்கலைத் தாங்க முடியாதவர் உண்டு; தன் உடல் எந்த மருந்துமின்றி எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்க விரும்புபவரும் உண்டு, அந்த விருப்பத்தில் மதிப்புக்குரிய ஒன்று இருக்கிறது. அப்படிக் குறைத்து, நிறுத்தி, நலமாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். என் கேள்வி, அந்த விருப்பம் யாருடையது, வேகம் யாருடையது என்பதுதான். இழப்போ வேலை மாற்றமோ நேர்ந்திருக்கும் காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போடுவதும், ஒரு படியில் மாதக்கணக்கில் நிற்பதும், மேல் படிக்குத் திரும்பிப் போவதும் குறைத்தலின் பகுதிகளே; வீட்டில் இருப்பவர்கள் அதைத் தோல்வி என்று முகத்தால்கூடச் சொல்லாதிருந்தால், அவர் அதை ஒளிக்க வேண்டியிராது. கருவுற்றிருக்கும் பெண்ணிடம் மட்டும் 'குழந்தைக்காகவாவது நிறுத்து' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் மருந்தைத் தொடர்வதுதான் பொதுவாகத் தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பானது.

தூக்கம் வராமல் தவிப்பவருக்கு இரக்கப்பட்டு வீட்டிலுள்ள பெரியவர்களின் தூக்க மாத்திரையைக் கொடுப்பது, 'ஒரு வாய் குடித்தால் தூக்கம் வரும்' என்று மதுவை நீட்டுவது, இரண்டும் ஓபியாய்டோடு சேர்ந்து மூச்சை அடக்கக் கூடியவை. நடுக்கத்தையும் வியர்வையையும் தணிக்க குளோனிடின் போன்ற வேறு மருந்துகளை மருத்துவர் கொடுக்க முடியும், கேட்டால் போதும். மாத்திரைகளை ரகசியமாக எண்ணுவதையும் பையைத் துழாவுவதையும் நான் இரண்டு மாதம் செய்தேன். ஒளிக்கும் திறமையை அவனிடம் வளர்த்தது தவிர அதனால் கண்ட பயன் ஒன்றுமில்லை. இப்போது மாத்திரைப் பெட்டியை யார் வைத்திருக்க வேண்டும் என்பதை அவனே சொல்கிறான். சில வாரம் என்னிடம் கொடுப்பான், சில வாரம் திரும்ப வாங்கிக்கொள்வான்.

ஆகவே தங்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள். இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, மருந்தை எடுத்துக்கொண்டே வேலை பார்த்து, குடும்பம் நடத்தி வாழ்பவரையும் மீண்டவர் என்றே எழுதுங்கள். காலையில் நாளிதழைப் பிரிக்கும் வீடுகளில், தன் மாத்திரை கரையும்வரை பேசாமல் உட்கார்ந்து அதே பக்கத்தைப் படிப்பவரும் இருக்கலாம். அவருக்கு எதிரே, நான் இருந்ததுபோல், ஒரு அக்காவும் இருக்கலாம்.

அனுப்புவதற்கு முன் இக்கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டி அவன் சம்மதத்தைப் பெற்றேன். மேலே 'நிறுத்திய பதினேழாம் நாள்' என்று இருக்கும் இடத்தில் நான் முதலில் 'மறுபடியும் தவறினான்' என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் மாற்றச் சொன்னான். அவன் இப்போது 8 மில்லிகிராமில் இருக்கிறான். மறுபடி குறைத்துப் பார்க்கலாமா என்று போன மாதம் அவனே பேச்சை எடுத்தான். பிறகு, இப்போது வேண்டாம் என்றும் அவனே சொன்னான். நாட்காட்டியில் எந்தத் தேதியும் வட்டமிடப்படவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி