துணைப் பாராசூட்டை மடித்தவருக்கும் பாதாம் தோப்பில் தேடியவர்களுக்கும்

அன்புடையீர்,

கடந்த ஆகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று, கலிபோர்னியாவிலுள்ள எங்கள் வான்குதிப்புத் தளத்தில், விமானத்திலிருந்து என்னுடைய 87ஆவது குதிப்பில், பிரதான பாராசூட்டின் கயிறுகள் முறுக்கிக்கொண்டு அது கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கியதால், அதைக் கழற்றிவிட்டுத் துணைப் பாராசூட்டில் தரையிறங்கினேன். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அன்று மாலையே, பாராசூட் மடிக்கும் கூடத்திலுள்ள பலகையில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி ஒட்டினேன். எழுதி முடித்துத் திரும்பும்போதே, சொல்ல வேண்டியவற்றில் கால்வாசிகூட அதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களில் மூவர் தமிழர் என்பதால் மற்றவர்களுக்கு அவர்கள் வாசித்துச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையிலும், வானத்திலிருந்து குதிப்பவன் யாரையும் மதியாமல் தன்னந்தனியே உயிரோடு விளையாடுகிறவன் என்று எண்ணிக்கொண்டிருக்கும் என் உறவினர்களும் இதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையிலும் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, விமானத்தில் எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த அக்காவுக்கு. ட்வின் ஆட்டர் விமானம் எங்களில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு 13,000 அடிக்கு ஏறுவதற்கு ஏறத்தாழ பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் கையை அசைத்து அசைத்து மனத்துக்குள் குதித்துப் பார்ப்பார்கள். கதவு திறப்பதற்குச் சற்று முன்னர், ஒருவர் முதுகை மற்றவர் பார்ப்பது வழக்கம்: பையை மூடியிருக்கும் ஊசிகள் இடத்தில் இருக்கின்றனவா, குதிப்பவர் இழுக்கத் தவறினால் துணைப் பாராசூட்டைத் தானே விரிக்கும் தானியங்கிக் கருவி இயங்குகிறதா, தொடைப்பட்டைகளும் மார்புப்பட்டையும் ஒழுங்காகப் பூட்டியிருக்கின்றனவா என்றெல்லாம் பார்த்துத் தோளில் ஒரு தட்டுத் தட்டினால் சரி என்று பொருள். அன்று அக்கா அந்தத் தட்டைத் தட்டாமல், என்னைத் திரும்பச் சொல்லி, முன்பக்கத்தையும் பார்த்தார். என் ஜம்ப்சூட்டின் துணி மடிந்து, பிரதான பாராசூட்டைக் கழற்றும் கைப்பிடியைப் பாதி மூடியிருந்தது. அதை அவர் வெளியே இழுத்துவிட்டு, "கைப்பிடி எப்பவும் கண்ணில் படணும் தம்பி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. அடுத்த ஆறு நிமிடத்துக்குள் நான் குனிந்து தேடியது அந்தக் கைப்பிடியைத்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நால்வர் கைகோத்து உருவங்கள் அமைத்து, 5,500 அடியில் பிரிந்து, ஒருவரையொருவர் விட்டு விலகிப் பறந்தோம். 4,000 அடியில் நான், பிரதான பாராசூட்டைப் பையிலிருந்து இழுத்தெடுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட்டை வீசினேன். பாராசூட் விரிந்தது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிந்தது. கயிறுகள் என் பிடரிக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டு தலையை நிமிர்த்தவிடாமல் அழுத்த, கால்கள் வெளியே வீசப்பட்டு, அடிவானம் பம்பரத்தைப் போலச் சுற்றியது. இரண்டு முறை உதைத்து முறுக்கைப் பிரிக்கப் பார்த்தேன். உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 2,600 அடி காட்டியது. என்னைப் போன்று, தொடக்க நிலைக்கு அடுத்ததான பி உரிமம் வைத்திருப்பவர்கள் 1,800 அடிக்குள் முடிவெடுத்துச் செயல்பட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் அறிவுரை. சுழலும் பாராசூட்டில் எண்ணூறு அடி என்பது பெரிய இருப்பு அல்ல. வலக் கைப்பிடியைப் பார்த்தேன், பிடித்தேன். இடக் கைப்பிடியைப் பார்த்தேன். வலதை இழுத்தேன், இடதை இழுத்தேன். ஒரு விநாடி மௌனம். பிறகு தலைக்கு மேலே வெள்ளையாக, சதுரமாக, அசையாமல் ஒரு துணி நின்றது.

அந்த அசைவுகளையெல்லாம் செய்தது நான் அல்ல என்றே இன்றுவரை தோன்றுகிறது. அவற்றை என் கைகளுக்குள் வைத்தவர் என் பயிற்றுநர். 25 குதிப்புகள் முடித்து உரிமம் வாங்கிய பிறகும், ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி என்னருகே வந்து, "காட்டு" என்பார். நான் பையை மாட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, பார்த்து, பிடித்து, இழுப்பதாகப் பாவனை செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் பார்க்கும்படி இப்படிச் செய்யச் சொல்கிறாரே என்று நான் சலித்துக்கொண்டதும் உண்டு. ஒருமுறை கைப்பிடியைப் பார்க்காமலே தொட்டுக் காட்டினேன் என்பதற்காக அன்றைய முதல் விமானத்திலிருந்து என் பெயரை எடுக்க வைத்தார். ஐயா, அந்தச் சலிப்புக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அச்சப்படக்கூட நேரமில்லாத அந்தக் கணத்தில் என் காதில் கேட்ட ஒரே சொல், உங்கள் "காட்டு".

தோள்பட்டையிலிருந்து பாராசூட்டை ஒரே இழுப்பில் விடுவிக்கும் மூன்று வளையப் பூட்டை 1970களில் வடிவமைத்த பில் பூத்துக்கும் ஒரு சொல் நன்றி கூறத்தான் வேண்டும். அதற்கு முன்பு இரண்டு தோள்களிலும் உள்ள கொக்கிகளைத் தனித்தனியே திறக்க வேண்டியிருந்தது. சுழன்றுகொண்டே அதைச் செய்திருப்பேனா என்று எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இனி, தரைக்கு வருகிறேன். நான் துணைப் பாராசூட்டில் மிதந்துகொண்டிருந்தபோது, என் கண் முன்னே இரண்டு பொருள்கள் காற்றோடு போய்க்கொண்டிருந்தன: கழன்றுபோன நீல நிறப் பிரதான பாராசூட் ஒன்று; துணைப் பாராசூட் விரிந்ததும் தனியே பிரிந்து விழும் அதன் உறைப்பை மற்றொன்று. முதலாவது பெரியது, எங்கு விழுந்தாலும் தெரியும். உறைப்பையோ ஒரு தலையணை அளவுகூட இல்லை. அது கிடைக்காவிட்டால் துணைப் பாராசூட்டைத் திரும்ப மடித்து அடக்க முடியாது, புதிதாக வரவழைக்கச் சில நூறு டாலரும் பல வாரக் காத்திருப்பும் ஆகும். கழற்றிவிட்டவன் அவற்றைத் துரத்திப் போகக் கூடாது, பாதுகாப்பாகத் தரையிறங்குவதே அவன் வேலை என்று கற்பித்திருக்கிறார்கள். எனவே நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆனால் அதற்குள், என்னோடு குதித்த இருவர் தத்தம் பாராசூட்டைத் திருப்பி, ஒருவர் நீலத் துணிக்கு மேலும், மற்றவர் உறைப்பைக்கு மேலும் வட்டமிட்டு இடத்தைக் குறித்துக்கொண்டுவிட்டார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. வானத்தில் கேட்கவும் வழியில்லை.

எந்த விமானத்தில் யார் ஏறுகிறார்கள் என்று பதியும் மேனிஃபெஸ்ட் மேசையிலுள்ள அம்மையார் ஒவ்வொரு விமானத்திலிருந்தும் விரியும் பாராசூட்டுகளை எண்ணுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எண்ணிக்கையில் ஒன்று வெள்ளையாக இருப்பதைக் கண்டவுடன் மைதானத்துக்கு வண்டி அனுப்பியவர் அவர்தான். நான் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் என் அடுத்த இரண்டு பயணச் சீட்டுகளையும் நீக்கி, பணத்தைக் கணக்கில் திருப்பி வைத்துவிட்டு, ஒரு குவளை தண்ணீரை நீட்டியவரும் அவரே. கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று. அதை அவர் பார்க்காததுபோல் இருந்ததற்குத் தனியாக ஒரு நன்றி.

தேடப் போனவர்கள் பதினொரு பேர். இதன் பெறுமதி, எங்கள் தளத்துக்கு வராதவர்களுக்குப் புரியாது. நாங்கள் எல்லாரும் வாரம் முழுவதும் கணினி முன்னாலும், மருத்துவமனைப் பணியிலும், லாரி ஓட்டியும், சனிக்கிழமைக்காகக் காத்திருப்பவர்கள். வந்த சனிக்கிழமைகளிலும், கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பிற்பகல் காற்று வலுத்துவிட்டால், பறக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அப்போது கூடத்தின் கம்பளத்தில் அமர்ந்து, ஒருவர் மடித்த பாராசூட்டை இன்னொருவர் குறை சொல்வதும், நான் கொண்டுவரும் புளியோதரையை 'காரமான பழுப்புச் சோறு' என்று பெயரிட்டு அள்ளுவதும், யாரோ ஒருவர் வானிலைக் கொடியையே பார்த்துக்கொண்டிருப்பதுமாகப் பொழுது போகும். சில வாரங்களில் ஒரு குதிப்புகூட வாய்ப்பதில்லை. அன்றோ காற்றும் மேகமும் இல்லாத நாள். விமானம் இடைவிடாமல் போய் வந்துகொண்டிருந்தது. அத்தகைய நாளில் பதினொரு பேர் தங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் வெயிலில் எனக்காக அலைந்தார்கள்.

நீலத் துணி அறுவடை முடிந்த வயலில் அரை மணி நேரத்தில் கிடைத்தது. உறைப்பை விழுந்த இடம் பாதாம் தோப்பு. ஆகஸ்டு இறுதி அங்கே அறுவடைக் காலம். இயந்திரத்தால் மரத்தை உலுக்கி, கொட்டைகளைத் தரையிலேயே காயவிட்டு, பிறகு வரிசை வரிசையாகக் கூட்டி வைத்திருப்பார்கள். அதன்மீது பதினொரு பேர் மிதித்துக்கொண்டு நடந்தால் எந்த விவசாயி பொறுப்பார்? தோப்பின் உரிமையாளரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்று வற்புறுத்தி, எல்லாரையும் வேலிக்கு வெளியே நிறுத்தி வைத்த நண்பருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பக்கத்து நிலத்தாரின் நல்லெண்ணம் போய்விட்டால் எங்கள் தளத்துக்கு நாளை இல்லை. உரிமையாளர் அனுமதித்தது மட்டுமன்றி, தம் பணியாளர் ஒருவரையும் உடன் அனுப்பினார். அந்தப் பெரியவர்தான், பன்னிரண்டாவது வரிசையில், எங்களில் எவர் கண்ணுக்கும் தெரியாமல் இலைகளுக்குள் ஒளிந்திருந்த பையைக் கண்டு, நீண்ட கழியால் நோகாமல் தள்ளி இறக்கினார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. இருவரும் கைகூப்பிக்கொண்டோம். அவர் ஏன் கைகூப்பினார் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் செய்ததைத் திருப்பிச் செய்திருக்கலாம்.

மாலையில், எங்கள் குதிப்பைப் படம் பிடித்திருந்த நண்பர் என்னைத் தனியே அழைத்துக் காணொளியைக் காட்டினார். பைலட் சூட்டை எடுக்க வலக் கையைப் பின்னால் கொண்டுபோனபோது இடத் தோளைத் தாழ்த்தியிருக்கிறேன். பிழை மடிப்பில் அல்ல, என் உடலில்தான். அவர் கேலி செய்யவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மூன்று முறை ஓட்டிக் காட்டிவிட்டு, "அடுத்த முறை முகவாயைத் தூக்கி வை" என்றார். அடுத்த முறை என்பது அன்றைக்கே வந்தது. அன்றிரவு அச்சம் மனத்தில் குடியேறிவிடக் கூடாது என்று, என்னுடையதைவிடப் பெரிய, மெதுவான பாராசூட் வைத்திருக்கும் தோழி ஒருவர் தம்முடைய பையையே கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, தாம் தரையில் நின்றுகொண்டார். பல ஆயிரம் டாலர் மதிப்புள்ள, தம் உயிரை நம்பி ஒப்படைத்திருக்கும் பொருளை, மூன்று மணி நேரத்துக்கு முன்பு தோளைத் தாழ்த்தியவனிடம் கொடுப்பதற்கு எவ்வளவு மனம் வேண்டும்! கடைசி விமானத்தில் ஏறினேன். முகவாயைத் தூக்கி வைத்திருந்தேன்.

எல்லாருக்கும் பின்னால் வைத்திருந்தாலும், எல்லாருக்கும் முன்னால் வைக்க வேண்டியவர் எங்கள் ரிக்கர், அதாவது பாராசூட்டுகளை மடித்துப் பராமரிக்கும் வல்லுநர். பிரதான பாராசூட்டைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். துணைப் பாராசூட்டையோ உரிமம் பெற்ற ரிக்கர் மட்டுமே மடிக்க வேண்டும், 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மீண்டும் மடிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 2008 வரை அது 120 நாளாக இருந்தது. ஒருமுறைகூடப் பயன்படாமல் போனால் நல்லது என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளும் ஒன்றை, நாளைக்கே பயன்படப் போகிறது என்ற எண்ணத்தோடு மடித்து, சிவப்பு நூல் கட்டி, தம் முத்திரையைக் குத்தி, அட்டையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடும் வேலை அது. என் அட்டையில் அவர் கையெழுத்து மே மாதத் தேதியில் இருந்தது. அப்போது கட்டணம் கூடுதலாக இருக்கிறதே என்று முணுமுணுத்தவன் நான்.

துணைப் பாராசூட் காப்பாற்றினால், அதை மடித்த ரிக்கருக்கு ஒரு புட்டி நல்ல மது வாங்கிக் கொடுப்பது வான்குதிப்பாளர்களிடையே நெடுநாள் மரபு. எங்கள் ரிக்கர் மது தொடுவதில்லை. இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது—அவருக்கு விஷயத்தைச் சொல்லவே எனக்கு ஒன்பது நாளாயிற்று—முதலில் அரை மணி நேரம் திட்டிவிட்டு, பிறகு, உயிரைத் திருப்பிக் கொடுத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே, ஒரு வேட்டி எடுத்துக் கொடு என்றார். எனவே ஃப்ரீமான்ட் கடையொன்றில் கரை போட்ட வேட்டியும் கும்பகோணம் காபித்தூளும் பித்தளை டபராவும் வாங்கி, தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். ரிக்கர் வேட்டியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நெசவின் நெருக்கத்தை நகத்தால் தடவிப் பார்த்து, கரையோரம் இழை பிரியாமல் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஈரோட்டுப் பக்கம் விசாரித்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறேன்.

இன்னொரு மரபும் பாக்கி. எதையாவது முதன்முதலாகச் செய்தவர் அனைவருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். முதல் கழற்றல், முதல் துணைப் பாராசூட், முதல் இரவல் பை என மூன்று முதல்களை என் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வாதாடிப் பயனில்லை. வரும் சனிக்கிழமை காலையில் மூன்று பெட்டிகளும், குடிக்காதவர்களுக்கு மோரும், இரண்டு பெரிய பாத்திரம் புளியோதரையும் கூடத்துக்குப் பின்னாலுள்ள குளிர்பெட்டியில் இருக்கும். வழக்கம்போல, கடைசி விமானம் தரை தொட்டு, கடைசிக் குதிப்பாளர் நடந்து வந்து சேர்ந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். தோப்பிலிருந்து அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
நீலப் பாராசூட்டுக்காரன்