மாட்டு ஈக் காலத்துக்கு முன்பே பட்டிகளுக்கு உதவி கோரும் மனு

கிரான்,
மட்டக்களப்பு மாவட்டம்.
2025.09.15

மாகாணப் பணிப்பாளர் அவர்கள்,
கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம்,
கிழக்கு மாகாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

குடும்பிமலைப் பக்க மேய்ச்சல் தரைகளில் மாட்டு ஈத் தொல்லை

கிரான் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். பெரும்போக விதைப்பு தொடங்கியதும் மாடுகளைக் குடும்பிமலைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவோம். வேளாண்மை வெட்டி முடியும்வரை அங்கேதான் பட்டி. மேய்ச்சல் தரை எல்லைப் பிரச்சினையை இதற்குள் இழுக்கவில்லை. அதற்குத் தனியாக எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இது ஈயைப் பற்றிய மனு.

மார்கழி மழை ஓய்ந்து தை, மாசியில் வெயில் ஏறினால் காட்டு ஓரத்திலிருந்து கிளம்பும். தேனீயைவிடப் பெரியது. பொழுது சாயும்வரை விடாது. நுளம்பு போல நைசாகக் குத்தாது. தோலைக் கீறி, ஊறும் இரத்தத்தை நக்கும். அது எழும்பிப் போன பிறகும் மாட்டின் வயிற்றில் இரத்தம் நூல் மாதிரி வழியும், அந்தத் துளியில் சின்ன ஈக்கள் மொய்க்கும். மாடுகள் மேயாமல் தலையை உள்ளே வைத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். என் பட்டியில் மூன்று போத்தல் கறக்கும் பசு போன மாசியில் ஒன்றரைக்கு இறங்கியது. மடியில் கடி வாங்கிய பசு கன்றையே உதைத்துத் தள்ளுகிறது, கறக்கப் போகும் எங்களை விடுமா?

வைக்கோலும் சாணமும் பச்சை வேப்பிலையும் போட்டுப் புகைக்கிறோம். பட்டிக்குள் நிற்கும்வரை சரி. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் பின்னால் புகைச் சட்டியோடு ஓட முடியாதே. அதனால் சிலர் வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியைக் கலந்து மாட்டின் மேல் தெளிக்கிறார்கள். பிழை என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். அந்தப் பாலைத்தான் எங்கள் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். இதை மறைத்து மனு எழுத மனம் வரவில்லை.

போன வருடம் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, "ஈ தானே, கொஞ்ச நாளில் போய்விடும்" என்றார்கள். ஆனால் ஒரு மாட்டில் குடித்து முடிக்குமுன் விரட்டுப்பட்ட ஈ, இரத்தம் ஒட்டிய வாயோடு அடுத்த மாட்டில் போய்க் குந்துகிறது. சர்ரா என்ற இரத்த நோய் பரவுவது இப்படித்தான். 2020 இல் நாட்டுக்குள் வந்த தோல் கழலை நோயும் கடிக்கும் பூச்சிகளால் பரவுவதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

நாங்கள் முதலில் கேட்பது பொறி. நீலமும் கறுப்புமான துணியில் வலை சேர்த்துத் தைக்கும் பொறிகள் வெளிநாடுகளில் இந்த ஈக்குப் பயன்படுகின்றன. மாடு என்று நினைத்து வரும் ஈ மேலே ஏறி வலைக்குள் அகப்படும். ஒரு மாதிரியைத் தந்தால் போதும். தைக்க ஊரில் தையல்காரர் இருக்கிறார், துணிக்காசும் எங்களுடையது. எந்த இடத்தில் கட்டுவது என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் வந்து காட்ட வேண்டும். பொறியைக் கேட்பது ஏனென்றால், இந்த ஈ முட்டையிடுவது நீர்க்கரைப் புல்லிலும் இலையிலும், அதன் புழு வளர்வது சேற்றுக்குள். அந்தச் சேறு முழுவதற்கும் மருந்து அடிக்க யாராலும் முடியாது, அடித்தால் மாடு குடிக்கும் தண்ணீரும் கெட்டுப்போகும்.

அப்புறம், மாட்டின் முதுகில் ஊற்றும் ஈ மருந்தை மார்கழி முடியுமுன் மானிய விலையில் தர வேண்டும். ஊற்றிய பிறகு எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில் அடித்த துண்டோடு தந்தால் நல்லது. போத்தலில் உள்ள சின்ன எழுத்தைப் பட்டியில் யாரும் வாசிப்பதில்லை. காய்ச்சல் கண்டு மெலியும் மாடுகளின் இரத்தத்தைச் சோதிக்கக் கால்நடை வைத்தியர் தை மாதத்தில் ஒரு தடவையாவது வர வேண்டும். மழையில் பாதை உடைந்திருந்தால் உழவு இயந்திரம் நாங்கள் அனுப்புகிறோம்.

ஐப்பசியில் மாடுகளைச் சாய்க்கிறோம். அதற்கு முன் பதில் வந்தால் துணியை வாங்கி வைப்போம்.

இப்படிக்கு,
குடும்பிமலைப் பக்கக் கால்நடை வளர்ப்போர் சார்பில்,
(கையொப்பம்)