அண்ணாவுக்கு, மீண்டும் ப்ஷெமிஷில் போகுமுன்

அன்புள்ள அண்ணா,

உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கி 2026 பெப்ரவரி 24ஆம் திகதியுடன் நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. வேலையில் நீண்ட விடுப்புக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மார்ச் மாதம் மீண்டும் போலந்துக்கு, உக்ரைன் எல்லையோரம் உள்ள அதே ப்ஷெமிஷில் ரயில் நிலையத்துக்குப் போகிறேன். பிறர் வாயால் நீங்கள் இதைக் கேட்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். உறவினர்களும் ஊரவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே முன்பு நான் அங்கே உக்ரைன் அகதிகளுக்கு உதவப் போனதைப் பற்றி அன்று கல்யாண மண்டபத்தில் நீங்கள் சொன்னவற்றில் ஒரு கேள்வியை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“எங்களுக்காக எந்த நிலையத்தில் யார் வந்து நின்றார்கள்?”

ஒருவரும் நிற்கவில்லை, அண்ணா. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து நடந்ததை உங்களுக்கே நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்ற ஜேர்மன் சட்டங்களுக்குள்தான் உங்கள் இளமை கழிந்தது. 1987இல் அந்த வேலைத் தடையை ஐந்து ஆண்டுகளாக நீட்டினார்கள். உக்ரைனியர்களுக்கோ, போர் தொடங்கி எட்டே நாட்களில், 2022 மார்ச் 4ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, வதிவிட உரிமை, வேலை, பாடசாலை, மருத்துவம் ஆகியவற்றைத் தனித்தனி விசாரணை எதுவுமின்றிக் கொடுத்தது. அந்தச் சட்டம் 2001இலேயே எழுதப்பட்டது. 2015இல் சிரியர்கள் நடந்து வந்தபோதும் அதை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. எல்லையின் அந்தப் பக்கத்தில் வரிசையின் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகச் சொன்ன ஆபிரிக்க மாணவர்களை நானே மெடிக்கா எல்லைக் கடவையில் கண்டேன். உங்கள் கணக்கு சரியானது. அதை யாரிடம் கேட்கிறீர்கள் என்பதில்தான் என்னால் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை.

மேற்கு உக்ரைன் நகரான லிவிவிலிருந்து வரும் அகலப்பாதை ரயில்கள் நிற்கும் ஐந்தாம் மேடையில் எனக்கு அப்போது இரவு வேலை. கடவுச்சீட்டுச் சோதனை முடிந்து வெளியே வருவதற்கே வந்திறங்குபவர்களுக்குப் பல மணி நேரம் ஆகும். தேநீர் கொடுப்பது, குழந்தை வண்டிகளைத் தூக்குவது, எந்தப் பஸ் எந்த நகரத்துக்குப் போகிறது என்று சொல்வது, இவ்வளவுதான் நாங்கள் செய்தது. ஓர் இரவு கார்கிவிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை சிறு மகளோடு வந்தார். பதினெட்டுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் அப்போது நாட்டை விட்டு வெளியேற முடியாது என்றிருந்ததால் கணவர் லிவிவிலேயே நின்றுவிட்டார். ஜேர்மனிக்குப் போகும் பஸ்ஸில் இடம் இருந்தது. சாரதி இருமுறை அழைத்துவிட்டார். ஆசிரியை ஏறவில்லை. மேற்கே போகும் ஒவ்வொரு கிலோமீற்றரையும் பிறகு திரும்பி வரவேண்டும் அல்லவா என்றார். நான் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்று சொன்னேன், போரினால் வந்தோம் என்பதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

“புறப்படும்போது எவ்வளவு காலம் என்று நினைத்தீர்கள்?”

“ஆறு மாதம்,” என்றேன். படலையடியில் நின்று நீங்கள் அம்மாவிடம் சொன்ன அதே ஆறு மாதம்.

அடுத்த கேள்வியை, உண்மையில் எவ்வளவு காலம் ஆனது என்பதை, அவர் கேட்கவில்லை. மகளின் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “கோடை உடுப்பு ஒன்றும் எடுத்து வரவில்லை. வாங்க வேண்டி வருமா?” என்று மட்டும் கேட்டார். வாங்குங்கள் என்றேன். பையை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

அந்த இரவில் உங்கள்மேல் எனக்கு வந்த அன்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நலமாக இருக்கிறேன், நல்ல வேலை, குளிர் பழகிவிட்டது என்று வீட்டுக்கு எழுதிய கடிதங்களை எந்த அறையில் இருந்து எழுதினீர்கள் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் எப்படி வந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். அதில்தான் நான் படித்தேன். அதில்தான் வந்து சேர்ந்தேன். ஆனால் அண்ணா, இத்தனை ஆண்டுகளில் அதைப்பற்றி ஒரு வார்த்தையாவது எங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? என் வாயை அடைக்க வேண்டியபோது மட்டுமே அதை வெளியே எடுக்கிறீர்கள்.

உங்களை நோகச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போனதற்காகக் கேட்கமாட்டேன். சொல்லாமல் போனாய் என்கிறீர்கள், சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? நம் சனத்துக்குச் செய்யாததை அவர்களுக்குச் செய்கிறாய் என்றும் சொன்னீர்களாம். 2009இல் மெனிக் பாம் அகதி முகாமின் முள்வேலிக்குள் நம் சித்தி இருந்தபோது அவரிடம் போக வழியில்லாமல் நாம் இருவரும் இங்கே ஒரே வீட்டில் தூங்காமல் கிடந்தோம். ப்ஷெமிஷிலில் போகவிட்டார்கள், போனேன். சித்திக்குச் செய்ய முடியாததை யாருக்கும் செய்யக்கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று என்னால் நம்பமுடியவில்லை.

உக்ரைனின் வான்வெளி இன்னும் பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடப்பதால் அந்த ரயில்கள் இன்றும் வருகின்றன. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், மின்சாரமில்லாத குளிர்காலத்தைத் தாங்க முடியாமல் புதிதாகப் புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்தத் தற்காலிகப் பாதுகாப்பை 2027 மார்ச் 4 வரை நீட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. விசாவை நீட்டுவார்களா என்று தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் எப்படிச் சமைத்து, உறங்கி, பிள்ளை வளர்ப்பது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரமாவது வந்து என்னோடு நில்லுங்கள். பேசக்கூட வேண்டாம், பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தால் போதும்.

வரமாட்டீர்கள் என்றால் அதையும் நீங்களே என்னிடம் சொல்லுங்கள். அண்ணியிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.

உங்கள் தங்கை