தம்பியின் தொழிற்படிப்பு

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

தம்பி வயரிங் படிக்கத் தனியார் நிலையமொன்றுக்குக் காசு கட்டவா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு அனுப்பாதே பிள்ளை. அவன் எந்தத் தரத்துச் சான்றிதழோடு வெளியே வருவான் என்பதை முதலில் பார்க்க வேணும்.

பள்ளிக்கூடத்திலேயே தொழில் படிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஏ.எல் (உயர்தர) வகுப்பின் தொழில்நுட்பப் பிரிவையும் தொழிற்கல்விப் பிரிவையும் இங்கே கனபேர் ஒன்றென்று நினைக்கிறார்கள். 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவு சோதனை எழுதி, இசற் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற Z-score) பார்த்து, பல்கலைக்கழகம் போகிற வழி. லேசு என்று நம்பிக் கணக்குக்குப் பயந்த பெடியள் சேருகிறார்கள். தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானத்தில் கணக்கும் பௌதிகமும் காத்திருக்கும். தொழிற்கல்விப் பிரிவு 2017இல் தொடங்கியது. ஓ.எல் (சாதாரண தர) பெறுபேறு குறைந்தாலும் சேரலாம், முடிவில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) 4ஆம் தரம் எடுக்கலாம். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அது இல்லை.

என்.வி.கியூ ஏழு தரம். 4 எடுத்தவன் தனியே நின்று வேலை செய்யக்கூடிய முழுத் தொழிலாளி. 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். 3 உடன் நின்றால் நேரே டிப்ளோமாப் பக்கம் போக முடியாது. ஆறு மாதத்தில் சான்றிதழ் என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் கேட்க வேண்டியது, அது எத்தனையாம் தரம் என்பதைத்தான்.

இன்னொன்று, இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியிருப்பது ஒரு விசயம், அந்தப் பாடநெறிக்குத் தரஅங்கீகாரம் இருப்பது வேறு விசயம். பதிவு இலக்கத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் அங்கே படித்ததற்கு என்.வி.கியூ வராது. இரண்டையும் கடிதத்தில் காட்டச் சொல்ல வேணும்.

அரச பக்கத்தில் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வேலைத்தலத்திலேயே பழக விரும்பினால் நைற்றா (அரசின் தொழிற்பயிலுனர் பயிற்சி அதிகார சபை). என் விருப்பம் கிளிநொச்சி; அங்கே 4 முடித்து மேலே டிப்ளோமாவுக்கும் போகலாம்.

வகுப்பு முடிந்ததும் பெடியள் வழுக்குகிற இடம் வேலைத்தலப் பயிற்சி. கையில் காசு கிடைக்கிற வேலை வந்ததும் பயிற்சியைப் பாதியில் விடுவார்கள், நாட்குறிப்பு எழுதாமல் விடுவார்கள். என்.வி.கியூ கொடுக்க வருகிற மதிப்பீட்டாளருக்குச் செய்த வேலைக்கான சான்று வேணும். ஒவ்வொரு அலகிலும் தேர்ச்சி காட்டினால்தான் முழுச் சான்றிதழ். கைவேலையோடு காரணமும் கேட்பார்: மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்துகிற வீட்டு ட்ரிப் சுவிட்ச் ஏன் 30 மில்லி அம்பியர், புவிக்கம்பி அறுந்தால் என்ன நடக்கும் என்று. செய்யத் தெரிந்து சொல்லத் தெரியாதவன் தடுமாறுவான்.

பிறகு தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிடலாம் என்று எழுதியிருந்தாய். ஒன்ராறியோவில் மின் வேலைக்கு உரிமம் கட்டாயம். அங்கே 309ஏ என்று குறிக்கிற கட்டட, பராமரிப்பு மின் தொழிலுக்கு 9000 மணி பயிலுனர் காலம். இங்கத்தைய சான்றிதழ் அந்த உரிமத்துக்கு ஈடாகாது, ஆனால் செய்த வேலையை ஆவணத்தோடு காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் ஒவ்வொரு முதலாளியிடமும் தொடங்கிய திகதி, முடித்த திகதி, மணித்தியாலம், செய்த வேலை எல்லாம் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் அன்றன்றே வாங்க வேணும். பெயரும் முதலெழுத்தும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாக் கடிதத்திலும் இருக்கட்டும்.

நீ அந்த நிலையத்தின் பெயரையும் பாடநெறியின் பெயரையும் அனுப்பு. அங்கீகாரத்தை நான் இங்கே விசாரித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா