அந்தப் பள்ளத்தை மேடாக்க அனுமதி தராதீர்கள்

எங்கள் மலை நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மே மாத சீசனில் எங்கள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. முன்பு இந்தக் கவலை இல்லை. தெருவுக்குக் கீழே பள்ளத்தில் ஓர் ஊற்று இருந்தது. சுற்றிலும் கால் புதையும் சதுப்பு. பங்குனியிலும் வற்றாது, அம்மா அங்கேதான் துணி துவைப்பார். ஏழு வருடத்துக்கு முன் அங்கே மண் கொட்டி வீடு கட்டினார்கள். அடுத்த கோடையில் ஊற்று நின்றுவிட்டது.

நீலகிரியில் மழை பெய்யாமல் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் நமக்கு அடியில் கடும்பாறை. அதன் மேல் மக்கிக் கிடக்கும் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நிலத்தடி நீர் நிற்கிறது. சோலையும் புல்வெளியும் சதுப்பும் மழையை மெல்ல அதில் இறக்கும். கான்கிரீட் முற்றத்தில் விழுந்தது சாக்கடையோடு மலையை விட்டே இறங்கிவிடும்.

நிலத்தின் மேல் எது இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை நம் மாவட்டத்திலேயே அளந்திருக்கிறார்கள். கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் 59 சதவீத இடத்தில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்து ஆண்டில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. அந்த மரம் நீரை உறிஞ்சிக் குறைத்தது. சிமெண்டோ நீரை மண்ணுக்குள் இறங்கவே விடாது.

மழைநீர் சேகரிப்புதான் 2003 முதல் கட்டாயமாயிற்றே என்பீர்கள். சமவெளிக்குச் சரி. செங்குத்துச் சரிவில் வீட்டுக்கு வீடு குழி தோண்டி நீரை இறக்கினால் மண் ஊறிச் சரியலாம். 2009 நவம்பர் மண்சரிவை நாம் யாரும் மறக்கவில்லை. இங்கே கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கச் சொல்லுங்கள். நிலத்துக்குள் இறக்கும் வேலையைச் சதுப்பு பார்த்துக்கொள்ளும், நாம் அதை விட்டுவைத்தால். அதனால் வார்டு வார்டாக மிச்சமிருக்கும் ஊற்றையும் சதுப்பையும் நகர வரைபடத்தில் குறியுங்கள். குறித்த இடத்தில் யார் கேட்டாலும் கட்டட அனுமதி தராதீர்கள்.

எங்கள் பள்ளத்தில் இன்னும் ஒரு மூலை கட்டடம் ஏறாமல் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு அங்கே கோரை முளைக்கிறது. அதற்கும் ஒரு மனு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது மன்றக் கூட்டத்துக்கு வருமுன் ஒருநாள் வந்து பாருங்கள். வழி நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்துக்கு மேல்தெருவில் குடியிருப்பவள்