ஓசோன் நல்லதுதானே அப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படம் நேற்று ராத்திரி வந்தது. போன் திரையில், காற்று மாசைக் காட்டும் ஆப்பில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு எண், அதற்குக் கீழே சின்னதாக ஓசோன் என்று போட்டிருந்தது. கூடவே உன் கேள்வி: "ஓசோன் நல்லதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? இப்ப இந்த ஆப் என்னை ஓடப் போகாதேங்குது." அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். "வாத்தியாரே, பதில் சொல்லுங்க" என்றாள். போனிலேயே ரெண்டு வரி தட்டிவிடலாம்தான். ஆனால் அன்றைக்கு ரெண்டு வரியில் சொன்னதால்தான் இன்றைக்கு இந்தக் குழப்பம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படி.

முதலில் ஒரு பழைய கடனைத் தீர்த்துவிடுகிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "எரிந்துபோன ஆக்சிஜன் இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது, சரியாக ஐந்தில் ஒரு பங்கு" என்று வருஷக்கணக்காக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சொன்னேன். அது தப்பு.

ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எரிய எரிய ஆக்சிஜன் குறையுதுன்னா தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறணும்? ஏன் அணைஞ்ச பிறகு சடக்குன்னு ஏறுது?" எனக்கு வாயடைத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து பத்துத் தடவை செய்து பார்த்தேன். சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியே ஓடிவிடுகிறது. டம்ளரின் விளிம்பைக் கவனித்தால் குமிழ் விடுவது தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, தண்ணீர் ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்வதெல்லாம் இல்லை. 21 சதவீதமாக இருந்தது 16க்குப் பக்கத்தில் வந்தாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

அப்புறம் அந்தப் பையனை வைத்துக்கொண்டே வேறு சோதனை செய்தேன். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சோதனைக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தோம். நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. துருப்பிடிக்கிற இரும்பு, ஆக்சிஜனைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு நாள் தண்ணீர் ஏறியது, ஐந்தில் ஒரு பங்குக்கு வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை. பையன் குழாயைத் தூக்கிப் பார்த்து, "மிச்சம் நாலு பங்கு சும்மாதான் இருக்குமா சார்?" என்றான். "ஆமாம், அது நைட்ரஜன், எதிலும் சேராது" என்றேன். இது இரண்டாவது தப்பு. உன் ஓசோன் கேள்விக்கு விடை இந்தத் தப்புக்குள்தான் இருக்கிறது.

ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, ஆர்கான் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04. நைட்ரஜன் அணுக்கள் ரெண்டு ரெண்டாக மூன்று பிணைப்புப் போட்டு இறுகக் கட்டிக்கொண்டிருக்கும். சாதாரணச் சூட்டில் அந்தக் கட்டு அவிழாது. அதனால்தான் சோம்பேறி வாயு என்று பெயர் வைத்துவிட்டோம்.

1785இல் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேயர் இந்தச் சோம்பேறியை எழுப்பிப் பார்த்தார். ஒரு குழாயில் காற்றை அடைத்து, மேலும் மேலும் ஆக்சிஜன் சேர்த்து, மின்பொறி விட்டுக்கொண்டே இருந்தார். பொறியின் சூட்டில் நைட்ரஜன் கட்டு அவிழ்ந்து ஆக்சிஜனோடு சேர்ந்தது. சேர்ந்ததைக் காரக் கரைசல் உறிஞ்சிக்கொண்டது. எவ்வளவு பொறி விட்டும் கடைசியில் ஒரு குட்டிக் குமிழ் மட்டும் மசியவில்லை. ஏறத்தாழ 120இல் ஒரு பங்கு என்று எழுதி வைத்தார். அந்தக் குமிழ் என்னவென்று தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்த ஆர்கான்தான் அது. உண்மையான சோம்பேறி அதுதான், பெயருக்கும் கிரேக்கத்தில் அதே அர்த்தம்.

குமிழை விடு, பொறியைப் பார். கேவண்டிஷ் குழாயில் நடந்ததுதான் மின்னலில் நடக்கிறது. அதேதான் ஒவ்வொரு கார் எஞ்சினுக்குள்ளும் நடக்கிறது. எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். பெட்ரோல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி, அதை எரிக்க உள்ளே இழுக்கிற காற்றே ஒன்றோடொன்று சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடாக வெளியே வரும். மாசு என்றதும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய அழுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாசில் ஒரு பங்கு, காற்றே உருமாறுவதுதான்.

இனி உன் ஓசோனுக்கு வருகிறேன். நைட்ரிக் ஆக்சைடு இன்னொரு ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துக்கொண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகும், பழுப்பு நிறம். அதன்மேல் வெயில் பட்டால் அந்த அணு கழன்றுவிடும். கழன்ற ஒற்றை ஆக்சிஜன் சும்மா இருக்காது, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று அணு சேர்ந்தால் ஓசோன். ஓசோனை எந்தப் புகைக்குழாயும் கக்குவதில்லை, அது வெளியிலேயே, வெயிலிலேயே சமைகிறது. அதனால்தான் உன் ஆப் மதியம் தாண்டியதும் சிவக்கிறது.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடே ஓசோனைத் தின்றும்விடும். கொடுக்கல் வாங்கல் சரிக்குச் சரி ஆகிவிட்டால் ஓசோன் சேராது. எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி, பெயின்ட் ஆவி போன்றவை நடுவில் புகுந்து அந்தக் கணக்கைக் கெடுக்கின்றன. அப்போது ஓசோன் குவிந்துகொண்டே போகும்.

லாஸ் ஏஞ்சலஸில் 1943 கோடையில் திடீரென்று ஒரு புகைமூட்டம் கவிந்து எல்லோருக்கும் கண் எரிந்தது. போர்க்காலம் வேறு, எதிரி விஷவாயு போட்டுவிட்டானோ என்றுகூட ஜனங்கள் பயந்தார்கள். விடை சொன்னவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! அதே கருவியில் ஊர்க் காற்றைக் குளிரவைத்துப் பிடித்தார், நாற்றம் பிடித்த பழுப்புத் துளிகள் கிடைத்தன. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோன் உண்டாக்குவதை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். அப்போது ஓசோனை அளந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ரப்பர் துண்டை வளைத்து வைத்து, எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்று பார்ப்பார்கள். ரப்பரை வெடிக்க வைப்பது நுரையீரலின் உள்தோலை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள். ஓடிவிட்டு வந்தால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, வறட்டு இருமல் வருகிறது என்று எழுதியிருந்தாயே, இதுவாக இருக்கலாம். டாக்டரிடமும் காட்டு.

"நான் ஓடுவது ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில்" என்று நீ சொல்வது கேட்கிறது. அங்கேதான் வம்பு. நெரிசலான தெருவில் புதுப் புகை ஓசோனைத் தின்றுகொண்டே இருக்கும். காற்று ஊரைத் தாண்டிப் போகப் போகத் தின்ன ஆள் குறைந்து ஓசோன் ஏறும். போதாக்குறைக்கு மரங்களும் கோடை வெயிலில் ஐசோபிரீன் என்ற ஆவியை விடுகின்றன, அதுவும் இந்தச் சமையலில் சேரும். மரத்தின்மேல் பழி போடவில்லை, வாகனப் புகை இல்லாத இடத்தில் அதனால் கெடுதல் இல்லை. கோடையில் விடிகாலையில் ஓடு, அவ்வளவுதான். மாஸ்க் போட்டுக்கொண்டு மதியம் ஓடலாம் என்று நினைக்காதே, மாஸ்க் துகளைத்தான் தடுக்கும், ஓசோனைத் தடுக்காது.

அப்படியானால் நான் சொல்லிக்கொடுத்த நல்ல ஓசோன்? அதுவும் இதே மூலக்கூறுதான், ஒரு வித்தியாசமும் இல்லை. தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே யாரும் மூச்சு விடுவதில்லை. தலைக்கு மேலே இருக்கும் ஓசோன் மொத்தத்தையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான் வரும். அந்த மூன்று மில்லிமீட்டரைத்தான் ஃபிரிட்ஜ் வாயுக்கள் அரித்தன. அவற்றைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவை மெல்ல மெல்லக் குறைகின்றன. கீழே இருப்பதையும் முழு வில்லன் ஆக்கிவிடாதே. கொஞ்சம் ஓசோனும் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்று ஒன்று உண்டாகும். அதன் ஆயுள் ஒரு விநாடிதான். அதற்குள் கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் என்று எது கிடைத்தாலும் பிடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். காற்று தன்னைத்தானே கழுவிக்கொள்வது அதை வைத்துத்தான்.

குளிர்காலத்தில் இந்தக் கதை தலைகீழ். அப்போது உன் ஆப் பிஎம் 2.5 என்று காட்டும். விட்டம் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் இருக்கும் துகள். தலைமுடியின் குறுக்களவில் முப்பது துகளை வரிசையாக வைக்கலாம். இதிலும் நேராகப் புகையாக வருவது ஒரு பங்குதான். கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் காற்றில் அமிலமாகி, உரத்திலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் வரும் அம்மோனியாவோடு சேர்ந்து உப்பாக உறைவது இன்னொரு பெரிய பங்கு. குளிர்ந்த இரவில் தரையோரக் காற்று கனத்துக் கிடக்கும், மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். உள்ளே விடுவதெல்லாம் உள்ளேயே தங்கும். வாகனமே ஓடாத விடிகாலையில் எண் ஏன் ஏறுகிறது என்று முன்பு கேட்டாயே, அது இதனால்தான். ஆகவே குளிர்காலத்தில் விடிகாலை ஓட்டம் வேண்டாம், வெயில் ஏறி மூடி விலகியதும் போ. நான் மாற்றி மாற்றிப் பேசவில்லை, வேதியியல் அப்படி.

அந்த மூடி விலகாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகை கீழேயே நின்றது. ஓபரா அரங்கத்துக்குள்ளேயே மூட்டம் புகுந்து நிகழ்ச்சி பாதியில் நின்றது. செத்தவர்கள் 4000 என்று அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வில் 12,000 வரை என்று வந்தது. அதற்கப்புறம் நாலு வருஷம் கழித்துத்தான், 1956இல், தூய காற்றுச் சட்டம் வந்தது.

ஆப்பில் வரும் எண்ணைப் பற்றி ஒன்று. 152 என்றால் 152 மைக்ரோகிராம் இல்லை. அது குறியீட்டு எண், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அளவுகோல். எது அதிகமோ அதன் எண்ணைத்தான் தலைப்பில் போடுவார்கள். ஆகவே எண்ணோடு எந்த மாசு என்றும் பார். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டு வரம்பு, பிஎம் 2.5க்கு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உனக்குள் போய்வரும் காற்றை நிறுத்தால் பதிமூன்று கிலோ வரும், சாப்பிடுவதையும் குடிப்பதையும் சேர்த்தாலும் அதில் பாதி தேறாது.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் வாங்கு. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்கட்டும். ஓசோன் விட்டுக் காற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று விற்பதை மட்டும் தொடாதே. இவ்வளவு படித்த பிறகு ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, ஓசோனைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று. குளியலறைக்குள்ளேயே கேஸ் ஹீட்டர் இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ஆக்சிஜன் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று வரும், சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். இதை ஹெப்பா ஃபில்டர் பிடிக்காது, உன் ஆப்பும் சொல்லாது. ஒரு அலாரம் வாங்கி மாட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் கூப்பிட்டு ஹீட்டரைப் பார்க்கச் சொல். நீலச் சுடராக இருந்தாலும் அதை மட்டும் நம்பிவிடாதே. மஞ்சளாக எரிந்தால் அந்த நிமிஷமே அணைத்துவிடு.

நாளைக்குக் காலையில் குளிக்கப் போவதற்கு முன்னால் சுடர் என்ன நிறம், ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. இதற்கு ரெண்டு வரி போதும்.

அன்புடன்,
அப்பா